பேச்சி வீட்டு வாசலுக்குச் செடிகள்

கினிகத்தேனை
11.3.1962

அண்ணனுக்கு,

பேச்சி எழுதுறேன். கவர்ல என் கோணல் எழுத்தைப் பாத்ததுமே தெரிஞ்சிருக்கும். கிழிச்சுப் போட்டுறாதீங்க. முழுசாப் படிச்சுட்டு அப்புறம் கிழிங்க.

நீங்க எங்க வாசல விட்டு எறங்கிப் போயி பதினாலு மாசமாச்சு. புது வீட்டுல பால் காய்ச்சுன அன்னிக்கு, ரோசுக் குச்சிய ஈரச் சாக்குல சுத்தி, நானூஓயாவுல இருந்து ரயிலு, அட்டன்ல இருந்து பஸ்ஸுன்னு பச்சப்புள்ளையத் தூக்குற மாதிரி மடியில வச்சுத் தூக்கிட்டு வந்தீங்க. அதை நான் கைநீட்டி வாங்குறதுக்குள்ள இந்த மனுசன், வந்திருந்த சனம் அத்தனைக்கும் முன்னால, "துரை பங்களாவுல களவெடுத்த செடியா மச்சான்? நாளைக்குப் பொலிஸ் வந்தா யாரு பதில் சொல்றது?"ன்னு கேட்டுட்டாரு. வெளாட்டுக்குக் கேட்டேன்னு இன்னிக்கும் சாதிக்கிறாரு. எதுக்குக் கேட்டா என்ன? எலையில கைவைக்காம நீங்க எந்திரிச்சுப் போனது எனக்கு இன்னும் நெஞ்சுல கெடக்கு.

இப்ப ஒரு காரியமா எழுதுறேன். வீட்டுக்கு முன்னால மண்ணு சும்மா கெடக்கு. சீமெந்து பூசி மொளகு காயப்போடலாம்னு ஒங்க மச்சான் நிக்கிறாங்க. நான் அழுது சண்டை பிடிச்சு நிறுத்தி வச்சிருக்கேன். முப்பது வருசம் தேயிலைக் கொழுந்து பறிச்சேன், ஒரு செடிய அது இஷ்டத்துக்குப் பூக்க விட்டுப் பாத்ததில்ல. எனக்கு வாசல்ல பூக்குற மரம் வேணும், செடி வேணும், ரோசு வேணும். எது வைக்கணும், எங்க வைக்கணும்? ஒங்கள விட்டா நான் யாரக் கேப்பேன்?

பேச்சியம்மா


மேல்பிரிவு லயம், நுவரெலியா
19.3.1962

பேச்சிக்கு,

கிழிக்கல. படிச்சேன்.

வெளாட்டுன்னு சொல்றாராக்கும். இருபத்தேழு வருசமா பங்களாப் பூந்தோட்டம் என் கையில இருக்கு. கேக்காம ஒரு பூவக்கூட நான் காதுல சொருகுனதில்ல. அந்தக் குச்சிங்க கவ்வாத்து வெட்டிக் குப்பைக்குப் போனது. குப்பை பொறுக்கிட்டு வந்திருக்கான்னு சொல்லியிருந்தாலும் பொறுத்திருப்பேன். களவெடுத்தவன்னு சொல்லிட்டாரு. அதுவும் நாலு பேருக்கு முன்னால.

நான் சொன்னது சொன்னதுதான். அந்த வாசப்படிய மிதிக்க மாட்டேன். உன் புருசன் கணேசமூர்த்தி தன் வாயத் தொறந்து, "மச்சான் வாங்க"ன்னு கூப்பிடட்டும், அப்ப யோசிக்கிறேன். நீ கூப்பிட்டு நான் வரமாட்டேன், அதுக்கு மேல என்னைக் கெஞ்சாத.

மரம் வேற சங்கதி. ஆனா நீ கேட்ட மாதிரி கேட்டா எந்தத் தோட்டக்காரனும் சொல்லமாட்டான். வெயிலு எந்தப் பக்கத்துல இருந்து ஏறுது? மழைத்தண்ணி எந்தப் பக்கமா ஓடுது? கெணறு எங்க? கக்கூசுக் குழி எங்க? மண்ண ஒரு பிடி பிடிச்சுப் பாத்தா ஒட்டுதா உதிருதா? இதெல்லாம் தெரியாம மரம் வச்சா பத்து வருசத்துல சுவரு வெடிக்கும், அப்ப அதுக்கும் என்னையத்தான் சொல்லுவாரு.

அழகுமுத்து


கினிகத்தேனை
2.4.1962

அண்ணே,

அப்பாடா, ரெண்டு பக்கம் திட்டியாவது எழுதுனீங்களே! அது போதும்.

வீடு கெழக்குப் பாத்து நிக்கிது. முன்னால ரோடு, ரோட்டுக்கு அந்தப் பக்கம் பஸ் நிக்கிற இடம். காலையில வெயிலு நேரா வாசல்ல விழுது, பகல் திரும்புனதும் நெழலு. கெணறு வடக்க. கக்கூசுக் குழி பின்னால தெக்கு மூலை. மழைத்தண்ணி தெக்குப் பக்கமா ஓடி ரோட்டுக் கானுல விழுது. மழையப் பத்தி ஏன் கேக்குறீங்க, எங்க ஊரு மழைதான் ஒங்களுக்கே தெரியுமே, தொவச்ச துணி ஒரு கெழமைக்குக் காயாது. மண்ணு செம்மண்ணு, பிடிச்சா ஒட்டும், நகத்துக்குள்ள போனா வராது.

நான் என்ன நெனச்சேன்னா, வாசலுக்கு ரெண்டு பக்கமும் வெள்ளை ரோசு. நடுவுல பாதை. வேலியோரம் பெரிய மரமா நாலு. அந்தப் பங்களா மாதிரியே. சிரிக்காதீங்க.

பேச்சி


மேல்பிரிவு லயம்
21.4.1962

தங்கச்சிக்கு,

சிரிக்கல. ஆனா பங்களா மாதிரி வைக்க முடியாது. பங்களா குளிருல நிக்கிது, உன் வீடு மழையில நிக்கிது. இங்க நிக்கிற பாதிச் செடி அங்க வந்தா ஆறு மாசம் தாங்காது. நான் சொல்றத எழுதி வச்சுக்க.

பெரிய மரம் நாலு வேண்டாம், ஒண்ணு போதும். செண்பகம். உங்க மழைக்கு அது நல்லா ஏறும். பின்னால வடமேற்கு மூலையில, வீட்டு அஸ்திவாரத்துல இருந்து முப்பதடி தள்ளி வையி. ஏழெட்டு வருசம் பூக்காது, பொறுமையா இருக்கணும். வாசலுக்குக் கிட்ட மரம் வேணும்னா ஊதா மந்தாரை. அது உயரம் போகாது, வேரும் சுவத்தத் தேடாது. தேயிலைக்கு நெழலா நிக்கிற சவுக்க மட்டும் வச்சுறாத. காலையில வேலைக்குப் பேரு வாசிக்கிற பெரட்டுக்களம் மாதிரி இருக்கும், வீடு மாதிரி இருக்காது.

வேலிக்குச் செம்பருத்தி. அடுத்த வரிசை நந்தியாவட்டை, வெட்சி. குரோட்டன் வேண்டாம், அது ஆபீஸ் வாசல்ல நிக்கிற செடி.

ரோசு நாலே நாலு. கெழக்குப் பக்கம், ஓட்டுத் தண்ணி விழாத இடத்துல. முதல்ல உடைச்ச கல்லு பரப்பி, அதுமேல ஒரு அடி உயரத்துக்குப் பாத்தி கட்டு. அடர்ந்த ரோசு நிறத்துல ஒரு பழைய வகை இருக்கு, துரைசானி அதுக்கு வாயில நொழையாத பேரு சொல்லும். அதுதான் மழைக்குத் தாங்கும். வெள்ளைக்கு ஆசைப்படாத. மொட்டா இருக்கும்போதே நனைஞ்சு அழுகிப்போகும். அதைத் தினம் பாத்துக்கிட்டு உன்னால இருக்க முடியாது, எனக்கு உன்னைத் தெரியும்.

கடைசியா ஒண்ணு. கமீலியான்னு ஒரு செடி. தேயிலைக்குக் கூடப் பொறந்தது, எலையப் பாத்தா தேயிலையேதான். பூ மட்டும் ரோசு மாதிரி அடுக்கடுக்கா இருக்கும். இருபது வருசத்துக்கு முன்னால நான் பதியம் போட்டு எடுத்த மரத்துல இருந்து ஒரு கண்ணு உனக்கு வச்சிருக்கேன். அங்க பூக்கும்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன். மந்தாரை நெழல்ல, மக்குன எல போட்டு வச்சா பூக்கலாம். உனக்கு அது வேணும்னு எனக்குத் தோணுது.

ரோசையும் அதையும் அட்டன் மரக்கறி லொறியில அனுப்புறேன். கமீலியாத் தண்டுல ஒரு சீட்டுக் கட்டியிருக்கேன். துரைசானி கையெழுத்துப் போட்டுக் குடுத்தது, செடிய எனக்கு இனாமாத் தந்ததா எழுதியிருக்கு. உன் புருசன்கிட்ட முதல்ல சீட்டக் காட்டு, அப்புறம் செடியக் காட்டு.

அழகுமுத்து


கினிகத்தேனை
30.6.1963

அண்ணே,

செடி நட்டு ஒரு வருசம் தாண்டிருச்சு. வாசல் இப்ப வாசலா இருக்கு. மந்தாரை என் தோளுக்கு வந்துருச்சு. ரோசு நாலும் பூத்துத் தள்ளுது. பஸ்ஸுக்கு நிக்கிற பொம்பளைங்க வேலியோரம் வந்து கேட்டு வாங்கித் தலையில வச்சுக்கிட்டுப் போறாங்க. எங்கண்ணன் வச்ச தோட்டம்னு ஒருத்தர் விடாம சொல்றேன்.

அந்தச் சீட்டப் பத்தி நீங்களும் கேக்கல, நானும் எழுதல. இப்ப எழுதுறேன். ஒங்க மச்சான் கையில குடுத்தேன். ரெண்டு தடவை படிச்சாங்க. மடிச்சுச் சட்டைப் பையில வச்சுக்கிட்டு, மண்வெட்டிய எடுத்துட்டுப் போயி, நீங்க எழுதுன அளவுக்குக் குழி வெட்டுனாங்க. மழை வந்தும் நிறுத்தல. அன்னிக்குச் சாப்பிடும்போது, "நான் பேசுனது அந்தளவுக்கா பட்டுருச்சு?"ன்னு கேட்டாங்க. "போயி அவர்கிட்டயே கேளுங்க"ன்னேன். தன் கடையில ஓயாமப் பேசுற வாயிதான், இதுக்கு மட்டும் தொறக்க மாட்டேங்குது.

இன்னொரு கவலை. கமீலியா நல்லாத்தான் இருக்கு, எல மினுமினுன்னு இருக்கு, துளிரு வருது. ஆனா மொட்டு ஒண்ணுகூட இல்ல. நீங்க வந்து ஒரு தடவை பாத்தா என்ன? கெஞ்சாதேன்னு சொன்னீங்க, கெஞ்சிட்டேன், போங்க.

பேச்சி


மேல்பிரிவு லயம்
14.5.1964

தங்கச்சிக்கு,

நீ மூணு கடுதாசி போட்டும் நான் பதில் எழுதாதது கோவத்துல இல்ல. பழைய துரையும் துரைசானியும் சீமைக்குப் போயிட்டாங்க. புதுத் துரைக்குப் பூ பிடிக்காது. ரோசுப் பாத்திய மட்டம் தட்டி, கார் நிப்பாட்டக் கல்லு போட்டுட்டாரு. வெட்டுனது நான்தான், என் கையாலதான் வெட்டச் சொன்னாரு. மறுநாள் காலை பெரட்டுல என் பேரைப் புல்லுவெட்டுக்கு வாசிச்சாங்க. இந்த வயசுல மலை ஏறுறேன். சரி, விடு.

கமீலியாவுக்கு ரெண்டு வருசம் போதும், இந்நேரம் மொட்டு வந்திருக்கணும். நீ எழுதியிருக்கிறத வச்சுப் பாத்தா குத்தம் மண்ணுலயும் இல்ல, வெயில்லயும் இல்ல. அது துளிரு நுனியிலதான் மொட்டு வைக்கும். நுனி போனா மொட்டும் போச்சு. யாரோ கிள்ளுறாங்க, இல்லாட்டி ஏதோ மேயிது. அக்கம்பக்கத்துல ஆடு இருக்கா பாரு. செடிய விட்டு நகராம ரெண்டு நாளு கவனி.

நான் வர்றத விடு. அவரு இன்னும் வாயத் தொறக்கல, நானும் இன்னும் அதே ஆளுதான்.

அழகுமுத்து


கினிகத்தேனை
9.8.1964

அண்ணே,

இத எப்படி எழுதுறதுன்னே தெரியல.

நீங்க சொன்னீங்கன்னு பக்கத்து வீட்டு சீலாவதி அக்கா ஆட்டுமேல பழியப் போட்டு, எனக்குத் தெரிஞ்ச சிங்களத்துல அந்த அக்காகிட்ட வாய்ச்சண்டைக்குப் போயிட்டேன். பாவம், அவங்க அன்னைக்கே ஆட்டக் கயித்துல கட்டிட்டாங்க. அப்பவும் நுனி போயிக்கிட்டே இருந்துச்சு.

நேத்துக் காலையில வேலிக்கு இந்தப் பக்கம் நின்னு அந்த அக்காகிட்ட ராசியாப் பேசிக்கிட்டு இருந்தேன். ஒங்க மச்சான் வாசல்ல நின்னு பாத்துட்டு, "அடியே பேச்சி, மடியில என்ன?"ன்னு கேட்டாங்க. ஒண்ணுமில்லையேன்னு கைய விட்டுப் பாக்குறேன், பத்துப் பன்னெண்டு துளிரு! ரெண்டு எலையும் ஒரு மொட்டும், தேயிலைக்குக் கிள்ளுற அளவு பிசகாம. நாந்தான் அண்ணே. பேசப் பேச, பக்கத்துல நின்ன கமீலியாவ என் கை பறிச்சிருக்கு, பறிச்சுப் பறிச்சு மடியில போட்டிருக்கு. எனக்குத் தெரியவே தெரியாது. ரெண்டு வருசமா நானே என் செடியப் பூக்க விடாம நின்னிருக்கேன்.

ஒங்க மச்சான் முதல்ல விழுந்து விழுந்து சிரிச்சாங்க. நான் அங்கேயே உக்காந்து அழுதுட்டேன். அப்புறம் அவங்க சிரிப்பும் நின்னுபோச்சு. கிட்ட வந்து, "பாவம்டி நீங்க ரெண்டு பேரும்"னு சொன்னாங்க. ரெண்டு பேரும்னு சொன்னாங்க அண்ணே, ஒங்களையும் சேத்துத்தான். அப்புறம் மூங்கிலப் பொளந்து செடியச் சுத்தி வேலி அடிச்சாங்க, என் கைக்கு எட்டாம.

வேலி அடிச்சுக்கிட்டே, "வரச் சொல்லு அவர"ன்னாங்க. இது போதாதா?

பேச்சி


மேல்பிரிவு லயம்
22.11.1964

பேச்சிக்கு,

உன் கடுதாசியப் படிச்சதும் சிரிச்சேன். லயத்து வீடுகள்ல எல்லாருக்கும் படிச்சுக் காட்டலாம்னு எடுத்தேன், ரெண்டாந்தடவை படிக்க முடியல. கண்ணு மறைச்சிருச்சு. நீ அழாத. செடிகிட்டப் போனா கையப் பின்னால கட்டிக்க.

நீ ஒரு செடியக் கிள்ளுனதுக்கு அழுவுற. நான் என் லயத்து வீட்டு வாசல்ல ஒரே ஒரு ரோசுக் குச்சி ஊனுனேன், எம்மக நாகலெட்சுமி பொறந்த வருசம். "இன்னிக்கு ரோசு வைப்ப, நாளைக்கு மண்ணே என்னோடதும்ப"ன்னு வேலை மேய்க்கிற கண்டாக்கையா பிடுங்கச் சொன்னாரு. பிடுங்குனேன். அதுக்கப்புறம் பங்களாவுல எத்தனையோ மரம் நட்டேன், எனக்குன்னு ஒண்ணும் நடல. உன் வாசல் ஒண்ணுதான் நான் மனசார நட்டது. அதையும் கடுதாசியிலதான் நட்டேன்.

இலங்கையும் இந்தியாவும் போட்ட ஒப்பந்தத்தப் பத்திக் கேள்விப்பட்டிருப்ப. இத்தனை லட்சம் பேரு இங்க, இத்தனை லட்சம் பேரு அங்கன்னு பங்கு பிரிச்சாச்சு. உன் புருசனுக்குப் பிரஜாவுரிமை இருக்கு, அவர வச்சு உனக்கும் இருக்கு. என் விண்ணப்பத்த அம்பத்திநாலுலயே தள்ளிட்டாங்க. நாகலெட்சுமியும் மருமகன் சிவசாமியும் இந்தியா பாஸ்போட்டுக்கு எழுதிப் போட்டுட்டாங்க. என் பேரும் அதுல இருக்கு. மக போற இடத்துக்குத்தான் நானும் போகணும். பொண்டாட்டியும் இல்லாம தனியா இந்த லயத்துல என்ன செய்வேன்?

வரச் சொல்லுன்னு உன்கிட்டத்தானே சொன்னாரு. என்கிட்டச் சொல்லட்டும். "மச்சான் வாங்க." ரெண்டே வார்த்தை. நாலு பேருக்கு முன்னால பேசுனாரு, தனியாக் கூப்பிட்டாக்கூடப் போதும். நான் பெரிசா ஒண்ணும் கேக்கல.

அழகுமுத்து


கினிகத்தேனை
7.2.1965

அண்ணே,

பூத்துருச்சு! தைப்பூசத்துக்கு முந்துன வாரம் ஒண்ணு விரிஞ்சுச்சு, இப்ப ரெண்டு. ஒங்க மச்சான் கடைய அடைச்சுட்டு வந்து நின்னு பாத்தாங்க. "இதத்தானா நான் களவுன்னேன்"னு முணுமுணுத்தாங்க, என் காதுல விழாதுன்னு நெனச்சுக்கிட்டு.

இந்தியாவுக்குப் போறேன்னு நீங்க எழுதுனதுல இருந்து எனக்குச் சோறு எறங்கல. போகாதீங்க. எங்க வீட்டுல ஒரு ரூம் சும்மாத்தான் கெடக்கு. நீங்க வந்து தோட்டத்தப் பாத்துக்கிட்டு இருங்க, கேக்குறவன் வந்து கேக்கட்டும். சரி, அப்படியே போறதுன்னாலும், ஒரு தடவை, ஒரே ஒரு தடவை எங்க வாசல்ல ஏறி உக்காந்துட்டுப் போங்க. அது நடக்காம நீங்க கப்பல் ஏறுனீங்கன்னா நான் எப்படி அந்த வாசல்ல கோலம் போடுவேன்?

நான் இவங்களக் கரைச்சுட்டேன். "வர்ற ஆனி மாசம் மொளகு வேலை முடிஞ்சதும் நானே நுவரெலியாவுக்குப் போயி அவரக் கூட்டிக்கிட்டு வர்றேன்"னு சொல்லியிருக்காங்க. நெசமாத்தான். அதுவரைக்கும் பொறுங்க அண்ணே. என் மேல சத்தியம்.

பேச்சி


தலைமன்னார்
4.6.1965

தங்கச்சிக்கு,

பாஸ்போட்டு வந்த வேகத்துல தேதியும் வந்துருச்சு. ஆனி வரைக்கும் பொறுக்க என் கையில ஒண்ணும் இல்ல. நாளைக் காலையில கப்பல். உனக்குத் தந்தி அடிச்சா நீ ஸ்டேசனுக்கு ஓடி வந்து மாரடிப்ப, நாகலெட்சுமியும் தாங்கமாட்டான்னு சொல்லாம இருந்துட்டேன்.

ஆனா ஒண்ண மறைக்க மனசு வரல. நான் வந்தேன் பேச்சி. மகளையும் மருமகனையும் சாமானோட அடுத்த ரயில்ல வரச் சொல்லிட்டு, நான் மட்டும் முன் ரயில்ல வந்து அட்டன்ல எறங்கி பஸ் பிடிச்சு வந்தேன். கினிகத்தேனையில எறங்கி உன் வீட்டுக்கு எதுத்தாப்புல நின்னேன். அடுத்த பஸ்ஸப் பிடிச்சு நாவலப்பிட்டியில அவங்களோட ரயில்ல ஏறணும். காமணி நேரம் இருந்துச்சு.

எல்லாத்தையும் பாத்துட்டேன். நல்லா வச்சிருக்க. ரோட்டத் தாண்ட ரெண்டு தடவை கால எடுத்து வச்சேன். நீ வெளிய வந்த. நரைச்சுட்டியே! ரோசுக்குத் தண்ணி ஊத்துன. நிமிந்து என்னைய நேரா பாத்த. பாத்துட்டு வாளியக் கீழ வச்சுட்டு வெடுக்குன்னு உள்ள போயிட்ட.

உன் மேல எனக்கு வருத்தமில்ல. என்னைய அடையாளம் தெரியாம போயிருக்கலாம், நானும் தொப்பி கோட்டோட நின்னேன். இல்லாட்டி அவரு உள்ள இருந்திருப்பாரு, வீட்டுல சண்டை வேண்டாம்னு நெனச்சிருப்ப. அதுவும் சரிதான். கூப்பிடாத வீட்டுல நான் எப்படி ஏறுவேன்? பஸ் வந்துச்சு, ஏறிட்டேன்.

துறையூர் விலாசம் பின்பக்கம் இருக்கு. ஒடம்பப் பாத்துக்க.

அண்ணன்


கினிகத்தேனை
12.6.1965

அண்ணே,

ஒங்க கடுதாசிய நெஞ்சுல அடிச்சுக்கிட்டே படிச்சேன். இது கடலத் தாண்டி எப்ப வந்து சேரும்னு தெரியல.

ஒங்களத் தெரியாம போகுமா எனக்கு? கோட்டு போட்டா என்ன, தொப்பி போட்டா என்ன, மூக்குல வெரல வச்சுக்கிட்டு செடி செடியாப் பாத்தீங்களே, அப்பவே தெரிஞ்சு போச்சு. "அண்ணே"ன்னு கத்த வாயத் தொறந்துட்டேன். அப்புறம் அடக்கிக்கிட்டேன். நீ கூப்பிட்டு வரமாட்டேன்னு மூணு வருசமா எழுதுனீங்க. நான் கூப்பிட்டு நீங்க அப்படியே திரும்பிப் போயிட்டா? பயந்துட்டேன் அண்ணே. அவங்க கூப்பிட்டாத்தானே வருவீங்க. அதான் அவங்களக் கூப்பிட உள்ள ஓடுனேன்.

பின்னால கெணத்தடியில குளிச்சுக்கிட்டு இருந்தாங்க. "எங்கண்ணன் வந்து ரோட்டுல நிக்கிறாரு, போயி வாயத் தொறங்க"ன்னேன். கையில இருந்த வாளியப் போட்டுட்டு ஓடுனாங்க. நாங்க வாசலுக்கு வரும்போது பஸ் கெளம்பிருச்சு.

இடுப்புல ஈரத்துண்டோட, மேல சோப்பு நொரையோட, நடுரோட்டுல பஸ்ஸுக்குப் பின்னாலயே வளைவு வரைக்கும் ஓடுனாங்க. "மச்சான் வாங்க, மச்சான் வாங்க"ன்னு தொண்டை கிழியக் கத்துனாங்க. கடைத்தெருவே எந்திரிச்சு வந்து பாத்துச்சு. ஒங்களுக்கு மட்டும் கேக்கல.

பேச்சி